முகூர்த்தத்தன்று என் வலது கை

என் வலது கைக் கட்டைவிரல் காலை எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்காது. நான் ஐந்தரைக்கே எழுந்துவிடுவேன். பல் விளக்கி, குளித்து, இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டு, மற்ற நாலு விரலால் பழைய சோற்றைச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அது உள்ளங்கைக்குள் மடங்கிப் படுத்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷமாக இப்படி இருந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நிட்டிங் மிஷினிலிருந்து துணி குழாய் மாதிரி வரும். அதை மேஜை நீளத்துக்கு மடிப்பு மேல் மடிப்பாக விரித்து, மேலே தகர அளவை வைத்து, நீலப் பென்சிலால் கோடு போட்டு, கத்தரியால் வெட்ட வேண்டும். கரண்டில் ஓடும் கத்தி எங்கள் கம்பெனிக்கு அப்போது வரவில்லை. இரும்புக் கத்தரிதான், கிட்டத்தட்ட முழங்கை நீளம். ஒரு டஜன் மடிப்பை ஒரே கடியில் வெட்டுகிறவனைத்தான் கை ஓடுகிறவன் என்பார்கள். என் கை ஓடும். காலை எட்டு மணிக்குக் கத்தரியை எடுத்தால் இரவு எட்டரைக்கு வைப்பேன். நடுவில் சோற்றுக்கு ஒரு தடவை, டீக்கு இரண்டு தடவை.

கத்தரியின் வளையத்தில் பனியன் கழிவைச் சுற்றித்தான் பிடிப்போம். அப்படியும் கட்டைவிரலின் அடியில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு விழுந்துவிட்டது. ராத்திரி படுத்த பிறகும் கை அந்தக் கத்தரியை விடாது போலிருக்கிறது. விடிந்து பார்த்தால் விரல் மூடிக் கிடக்கும். வெந்நீரில் கையை வைத்து, இடது கையால் கட்டைவிரலை மெல்ல நெம்பினால் ஒரு கட்டத்தில் டக்கென்று திறக்கும். டிரங்குப் பெட்டியின் கொக்கி திறக்கிற மாதிரி சத்தமே கேட்கும். வலி முழங்கை வரைக்கும் போய்விட்டு வரும். அதன் பிறகு நாள் முழுக்க ஒழுங்காக வேலை செய்யும். நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்டுகிறவனுக்குக் கை போய்விட்டது என்று தெரிந்தால் மேஜையில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சினிமாக் கொட்டகை வரிசையில் நின்றால் யார் என்ன வேலை செய்கிறவர் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். முன்பு நிட்டிங் மிஷினைக் கையால் சுற்றியவர்களுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். சலவைப் பட்டறைக்காரர்கள் தொட்டிக்குள் நின்று துணியை மிதித்து மிதித்து, கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டெய்லர்கள் உள்ளே பெஞ்சு கிடைத்தாலும் முதுகைச் சாய்க்க மாட்டார்கள். சாய்த்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. நாங்கள் டிக்கெட்டை இரண்டு விரல் நடுவில் சொருகிக்கொண்டு நிற்போம். பெரும்பாலும் முப்பது வயசுக்குள் இருக்கிறவர்கள்தான். இதைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறதாமே என்றுதான் பேசுவோம்.

எனக்கு இருபத்தாறு முடிந்ததும் அக்கா பெண் பார்த்தாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாம் அவள்தான். பெண் வீட்டார் காங்கேயம் போகிற வழியில் ஒரு ஊர், தறி நெய்கிற குடும்பம். நிச்சயத்துக்குக் காலை ஆறு மணிக்கு மேல் நல்ல நேரம் என்று குறித்துவிட்டார்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அன்றைக்கு என் கை வெந்நீரைப் பார்க்கவில்லை.

பெண்ணின் தாய்மாமன் வெற்றிலை பாக்குத் தட்டை என் முன்னால் நீட்டினார். வலது கையை எடுத்தேன். கட்டைவிரல் உள்ளே கிடந்தது. அதை வைத்துக்கொண்டு பித்தளைத் தட்டைப் பிடித்தால் கீழே போட்டுவிடுவேன் என்று பயம். கையைத் துண்டுக்கடியில் இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டி வாங்கிவிட்டேன். இரண்டு கையையும் சேர்த்து வாங்கியிருக்கலாம் என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் தோன்றியது.

கூடத்தில் எல்லார் கண்ணும் என் இடது கைமேல் வந்தது. தாய்மாமன் குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க, திருப்பூருப் பக்கமெல்லாம் தாம்பூலம் இப்பிடித்தான் வாங்கறதுங்களா?"

அக்கா முந்திக்கொண்டு, நேற்றுக் கத்தரி பட்டு விரலில் காயம் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கும் என் விரலைப் பற்றித் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"காயமின்னா கட்டு எங்கீங்க?" என்றார் அவர்.

பெண்ணின் அப்பா காபி வரட்டும் என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். நிச்சயம் நின்றுபோகவில்லை. ஆனால் தாய்மாமன் கடைசி வரைக்கும் என் கையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நான் பெண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. சமையலறை நிலைக்குப் பக்கத்தில் பச்சைப் புடவை ஒன்று நின்றது, அவ்வளவுதான் தெரியும்.

கல்யாணத்தைத் தை மாதத்தில் மலைமேல் இருக்கிற முருகன் கோயிலில் வைத்தார்கள். முகூர்த்தம் காலை நாலரையிலிருந்து ஆறு. தை மாதக் குளிரில், அந்த நேரத்தில், இந்த விரல்.

எங்களில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட வேண்டும். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போடுவார்கள். ஆக எனக்கு ஒரே ஒரு முடிச்சு. அது முடியாமல் தாலி கை நழுவிக் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வரும் அவமானம்கூடப் பெரிதில்லை. அந்தப் பெண்ணை ஆயுசு முழுக்கச் சொல்லுவார்கள், கழுத்துக்கு வந்த தாலி கீழே விழுந்தவள் என்று. முகம்கூடச் சரியாகப் பார்க்காத ஒருத்திக்கு என் விரலால் அப்படி ஒரு பேர் வந்துவிடக் கூடாதே என்றுதான் எந்நேரமும் வெசனம்.

கம்பெனியில் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று என்னோடு துணி விரிக்கிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வாய்க்காரர். ஒரு மத்தியானம் எல்லாரும் சோற்றுக்குப் போன பிறகு நான் மேஜைக் காலில் பனியன் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் திறக்காவிட்டால் மற்ற விரல்களால் முடியுமா என்று பார்ப்பதற்காக. அவர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"ஏப்பா, மேசைக்கா தாலி கட்டற? அதுக்கு நாலு காலு. நீ கட்டிக் காப்பாத்த முடியாது."

வேறு யாராவது என்றால் சிரித்து மழுப்பியிருப்பேன். அன்று ஏனோ முடியவில்லை. விரலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். முதன்முதலாக அவரிடம்தான் சொன்னேன். கேலி பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினார். தோள் மட்டத்தில் அது நின்றுவிட்டது.

"இதுக்கு மேல போகாது. எனக்குத் தல சீவியுடறது ஆருன்னு நெனச்ச?" என்றார். "என்ற பொண்டாட்டிதான். காத்தால ஆறு மணிக்குத் அம்மிக்கல்லு மாதிரி உக்காந்து தலையக் குடுக்கோணும்."

எப்போதும் எண்ணெய் வைத்து, வகிடு கோடு போட்ட மாதிரி இருக்கும் அவர் தலை. அழகுக்காரர் என்று நாங்கள் கேலி செய்வோம். அன்றைக்கு அந்த வகிட்டைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு அவரும் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பார்த்தார். இரண்டு விரலால் போட்ட முடிச்சு இழுத்ததும் உருவிக்கொண்டு வந்தது. கட்டைவிரல் இல்லாமல் ஆகாது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வாரம் கைக்கு ஓய்வு கொடு, சரியாகிவிடும் என்றார்.

நடந்தது வேறு. கல்கத்தாவுக்குப் போக வேண்டிய சரக்கு மேஜையில் குவிந்து கிடந்தது. மேனேஜர் மூன்று நாள் லீவு தருகிறேன் என்றார், ஆனால் அந்த மூன்று நாள் வெட்டு வேலையையும் முன்னாலேயே முடித்து வைத்துவிட்டுப் போ என்றார். கை சரியாக இருக்க வேண்டும் என்று லீவு கேட்டேன், லீவுக்காகக் கையை இன்னும் அதிகமாக ஓட்டினேன். பத்து நாள் காலை ஏழிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் வெட்டினேன். எதிர்ப்பக்கத்தில் அவரும் நின்றார். அவருக்கு லீவும் இல்லை, கல்யாணமும் இல்லை.

கல்யாணத்தன்று மலையடிவாரச் சத்திரத்தில் மூன்றரைக்கே எழுந்தேன். குளிக்கிற சாக்கில் அண்டா வெந்நீரில் கையை வெகுநேரம் வைத்திருந்தேன். டக்கென்று திறந்தது. இனிமேல் பயமில்லை என்று துண்டைச் சுற்றிக்கொண்டு எல்லாரோடும் படி ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் காற்று அடித்தது. புது வேட்டி உடம்பில் நிற்கவில்லை.

மேலே போனால் எங்களுக்கு முன்னால் ஆறு ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். நல்ல முகூர்த்தம் எல்லாருக்கும் நல்ல முகூர்த்தம்தானே. ஒரு ஜோடிக்கு மந்திரம் முடிவதற்குள் அடுத்த ஜோடியின் உறவுக்காரர்கள் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். கருங்கல் தரையிலிருந்து குளிர் காலில் ஏறிற்று. இரண்டாவது ஜோடி நகர்வதற்குள் கட்டைவிரல் கனத்தது. மூன்றாவது ஜோடிக்கு மேளம் கொட்டும்போது அது உள்ளே போய்விட்டது.

துண்டுக்கடியில் இடது கையால் நெம்பினேன். வரவில்லை. பத்து நாள் வெட்டியது எல்லாம் சேர்ந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. தூணில் முட்டுக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். அந்தக் குளிரில் எனக்கு நெற்றி வேர்த்தது. மலைமேல் வெந்நீருக்கு எங்கே போவது? யாரிடம் கேட்பது? என்ன சொல்லிக் கேட்பது? பக்கத்தில் பெண் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அதுவரைக்கும் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்போதுதான் அவள் தன் அம்மாவிடம் தலை சுற்றுகிறது என்றாள். அம்மா பதறிப்போனார். தாலி ஏறுகிற வரைக்கும் ஒன்றும் சாப்பிடக் கூடாதே என்றார். அவள் மறுபடியும் மெதுவாக, சுற்றுகிறது, மடப்பள்ளியில் சூடாகப் பொங்கல் இருக்கும் என்றாள். விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே தாய்மாமன்தான் போய் வாங்கி வந்தார். இலைக் கீற்றில் சர்க்கரைப் பொங்கல், ஆவி பறந்தது. அவள் அதை முந்தானையால் வாங்கினாள். வாங்கி, தலையை நிமிர்த்தாமல், அப்படியே என் பக்கம் நகர்த்தினாள்.

"திங்காதீங்க," என்றாள். "கையில வெச்சு அமுக்கிப் புடிங்க."

தாய்மாமன் பார்த்துவிட்டார்.

"அட, இந்த அம்மிணிக்கு மயக்கமே இல்லீங்கோ. மாப்பிள்ளைக்குப் பசின்னு நம்மள ஓடவுட்டிருக்குது."

வரிசை முழுக்கச் சிரித்தது. முன்னால் நின்ற ஜோடியின் பாட்டனார்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் நான் மூடிய கையை இலைமேல் வைத்து அழுத்தினேன். இலை கிழிந்து பொங்கல் விரலிடுக்கில் புகுந்தது. நல்ல சூடு. சுட்டது என்றே சொல்ல வேண்டும். நெய் உருகி மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. ஆறாவது ஜோடி எழுந்து நகர்ந்தபோது கட்டைவிரல் டக்கென்று திறந்தது.

"தொறந்துருச்சுங்களா?" என்று கேட்டாள், சந்நிதியைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாங்க," என்றேன்.

நாங்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இதுதான்.

கை கழுவ நேரமில்லை. புது வேட்டியிலேயே துடைத்தேன். அந்தக் கறை கடைசி வரைக்கும் போகவில்லை. குருக்கள் தாலியை எடுத்துக் கையில் கொடுத்தார். கையெல்லாம் வெல்லப் பிசுக்கு. மஞ்சள் கயிறு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, நழுவ நினைத்தாலும் நழுவியிருக்காது. கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சைப் போட்டு இழுத்தேன். கட்டைவிரல் சொன்னபடி கேட்டது. முடிச்சு நின்றது. அக்கா குனிந்து மற்ற இரண்டையும் போடும்போது, "ஏன்டா இப்பிடிப் பிசுபிசுங்குது?" என்று என் காதில் கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று நினைத்திருப்பார்கள்.

அதோடு கை விட்டிருந்தால் பரவாயில்லை. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சந்நிதியைச் சுற்றி வரச் சொன்னார் குருக்கள். பிடித்தேன். பாதிச் சுற்றில் கட்டைவிரல் மறுபடியும் மூடிக்கொண்டது, இந்தத் தடவை அவள் விரல்களின் மேல். சுற்றி முடித்து வந்ததும் கையை விடலாம் என்றார் குருக்கள். என்னால் விட முடியவில்லை. அடுத்த ஜோடி வந்துவிட்டது, நகருங்கோ என்றார். அவள் கையை இழுக்கவில்லை. அப்படியே நடந்தாள். படி இறங்குகிற வழி முழுக்க எங்கள் பின்னால் ஒரே கேலி. ஒளிந்துகொள்ள இடமிருந்தால் ஓடியிருப்பேன், ஆனால் அவளையும் இழுத்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

நாலைந்து வளைவு இறங்கின பிறகு, உறவுக்காரர்கள் கொஞ்சம் பின்தங்கியதும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நிச்சயத்தன்னைக்கு எல்லாரும் உங்க பீச்சாங்கையப் பாத்துட்டு இருந்தாங்க," என்றாள். "நானு சோத்தாங்கையப் பாத்தனுங்க. துண்டுக்கடியில வெரல நெம்பிட்டு இருந்தீங்க."

அவள் அப்பாவுக்கும் தறிக்குழியிலிருந்து ஏறினால் கால்விரல்கள் இப்படித்தான் பூட்டிக்கொள்ளுமாம். தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி அவள்தான் ஒத்தடம் கொடுப்பாளாம். சூடுதான் அதற்குத் தெரியும், திட்டினால் கேட்காது என்றாள். வலிக்கிறதா என்று நான் என் பிடியைப் பற்றிக் கேட்டேன். இல்லை என்றாள். பொய் என்று பிறகு தெரிந்தது. சத்திரத்தில் கையைப் பிரித்தபோது அவள் சுண்டுவிரல் கன்றிச் சிவந்திருந்தது. பந்தியில் உட்கார்ந்தால் தாலிக்கயிற்றின் வெல்லத்துக்கு எறும்பு வேறு ஏறிவிட்டது. பின்கழுத்தைச் சொறிந்துகொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் காலை நான் வழக்கம்போலத் துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனேன். அவள் முன்னாலேயே அடுப்பு மூட்டி, குண்டாவில் வெந்நீர் எடுத்து வைத்துவிட்டு நின்றாள். கையைக் காட்டுங்கள் என்றாள். ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை. கொடுத்தேன். காய்ப்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் கத்தரி பிடிப்பீர்கள் என்று கேட்டாள். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட் என்றேன். திருப்பூரில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வேலை சாயங்காலம் முடிந்ததும் இன்னொரு அரை நாள் வேலையை அதோடு சேர்த்துப் பார்ப்பது என்று சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு ஒரு நாளுதானுங்களே இருக்குது. அந்த அரை எங்கிருந்துங்க வருது?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வெந்நீருக்குள் என் கையைத்தான் பார்த்தேன்.

அந்த அரையை நான் விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். அது என் கையில் இல்லை. ஆனால் லீவு முடிந்து போனதும் செவ்வாயும் வெள்ளியும் ஒரு ஷிப்டோடு போய்க்கொள்கிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். அப்படி ஒன்றை நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. புது மாப்பிள்ளை என்று அவர் சிரித்தார், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், கடைசியில் சரி என்றார். எதிர்ப்பக்கத்துக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியை இழுத்து விரித்தார். அடுத்த மாதம் அவரும் ஒரு நாள் கேட்டு வாங்கினார்.

முதல் செவ்வாய்க்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் ராட்டையைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்துத் தெருத் தறிக்காரருக்கு நூல் சுற்றிக் கொடுப்பதற்காக. என்னை எதிரில் உட்காரச் சொல்லி, ஒரு சிட்டம் நூலைப் பிரித்து வளையமாக என் இரண்டு கையிலும் மாட்டினாள். நூல் நழுவாமல் இருக்கக் கட்டைவிரல் இரண்டையும் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. அவள் ராட்டையை நிறுத்தாமல், "நிமுத்துங்க," என்றாள். நிமிர்த்தினேன். மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் சொன்னாள். சிட்டம் தீர்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.